நூறு வெள்ளி உலகக் கிண்ணப் பேக்கேஜ்: மறுபடியும் வாங்கலாமா?

போன உலகக் கிண்ணக் காற்பந்துப் போட்டிக்கு நான் வாங்கிய தொலைக்காட்சிப் பேக்கேஜ் எப்படி இருந்தது, இந்தத் தடவை, 2026-க்கு, வாங்கலாமா என்று புளோக்கில் இரண்டு பேர், வேலையிடத்தில் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது, அதனால் மொத்தமாக இங்கேயே எழுதிவிடுகிறேன். எந்த நிறுவனத்திடம் வாங்கினேன் என்று சொல்லப்போவதில்லை. நம் சிங்கப்பூரில் இருப்பதே விரல் விட்டு எண்ணக்கூடிய கடைகள்தான், எங்கே வாங்கினாலும் உள்ளே இருக்கும் சரக்கு ஒன்றுதான்.

சரக்கு இது: கத்தார் 2022, 29 நாளில் 64 ஆட்டங்கள். நான் கொடுத்தது ஏறத்தாழ நூறு வெள்ளி. ஆட்டத்துக்கு ஒன்றரை வெள்ளி சொச்சம், அதாவது ஒரு கோப்பிக் காசு. இந்தக் கணக்கைச் சொல்லித்தான் வீட்டில் அனுமதி வாங்கினேன். "64-ம் பாக்கப் போறீங்களா?" என்று கேட்டாள். 41 பார்த்தேன்.

படத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. புல்லின் நுனி தெரிகிறது. நேரமும் நமக்குத் தோதாக வாய்த்தது, மாலை 6, இரவு 9, நள்ளிரவு, அப்புறம் பைத்தியக்காரர்களுக்கு மட்டும் அதிகாலை 3. சவூதி அர்ஜென்டினாவை 2-1 என்று கவிழ்த்த அன்றைக்கு நான் வேலை முடிந்து எம்ஆர்டி ரயிலில் நின்றபடி கைப்பேசியில் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத ஒரு மலாய்க்கார அண்ணன் என் தோள் வழியாக எட்டிப் பார்க்க ஆரம்பித்தார், கொஞ்ச நேரத்தில் இரண்டு பேரும் சேர்ந்து ஐயோ அம்மா என்று முனகிக்கொண்டிருந்தோம். ஈஷூன் நிலையம் வந்தது, போனது, இரண்டு பேரும் இறங்கவில்லை.

குறை எங்கே என்றால் தாமதத்தில். நான் பார்த்தது இணையம் வழியாக வரும் செயலியில், எதிர் புளோக்கில் செட்-டாப் பெட்டி வைத்துப் பார்ப்பவர்களுக்கு எல்லாம் எனக்கு முன்னால் நடந்துவிடுகிறது. அர்ஜென்டினா-பிரான்ஸ் இறுதியாட்டம், நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணி வாக்கில், 3-3, கூடுதல் நேரமும் முடியப்போகிறது. என் திரையில் பந்து இன்னும் நடுத்திடலில் இருக்கிறது. எதிர் புளோக்கிலிருந்து பத்துப் பதினைந்து வீடு ஒரே சமயத்தில் அலறியது. கோல் விழுந்தால் வரும் அலறல் மாதிரியும் இருக்கிறது, யாரோ விழுந்துவிட்ட மாதிரியும் இருக்கிறது. நான் சோபாவின் நுனியில் உறைந்து உட்கார்ந்திருக்க, பல விநாடி கழித்து என் வீட்டில் பந்து பிரான்சின் கோலோ முவானியிடம் வந்தது, அர்ஜென்டினா கோல்காப்பாளர் எமிலியானோ மார்ட்டினெஸ் காலை நீட்டி அதைத் தடுத்தார். அந்தத் தடுப்பை நான் பார்க்கும்போது அது ஏற்கனவே பழைய செய்தி. நூறு வெள்ளிக்கு இது நியாயமா?

வாடிக்கையாளர் சேவை பற்றி நீட்டி முழக்க வேண்டாம். போட்டி முடிந்த பிறகும் இரண்டு மாதம் கட்டணம் போனது, மூன்று தடவை போன் செய்து, ஒவ்வொரு தடவையும் கதையை முதலிலிருந்து சொல்லி, திரும்ப வாங்கினேன். சரி.

ஆனால் ஒரு பொருளை வாங்கும்போது பெட்டியைத் திருப்பி, தயாரித்தது யார் என்று பார்ப்போம் இல்லையா? இந்தப் பொருளைத் தயாரித்து விற்பது ஃபிஃபா. 1904-ல் பாரிசில் பிறந்து, சூரிக்கில் குடியிருக்கும் உலகக் காற்பந்து அமைப்பு. சுவிஸ் சட்டப்படி அது ஒரு சங்கம், நம் புளோக் குடியிருப்பாளர் சங்கத்துக்குப் பெரியப்பா மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சங்கம் 2019-லிருந்து 2022 வரை நான்கு ஆண்டில் 750 கோடி அமெரிக்க டாலருக்கு மேல் சம்பாதித்தது, அதில் பாதிக்குச் சற்றுக் குறைவு தொலைக்காட்சி உரிமையில் வந்த பணம். என் நூறு வெள்ளியும் அதில் எங்கேயோ ஒரு மூலையில் கிடக்கிறது.

எங்கள் கோப்பிக்கடையில் ஒரு அங்கிள் இருக்கிறார். காலாங் பழைய விளையாட்டரங்கில் மலேசியக் கிண்ணம் பார்த்து வளர்ந்தவர், 94-ல் நாம் கிண்ணம் வாங்கியதையும் அதை ஒட்டி வந்த சூதாட்ட வழக்குகளையும் நேற்று நடந்த மாதிரி சொல்வார். எது கேட்டாலும் அவருக்கு ஒரே பதில்: "எல்லாம் கெலோங், தம்பி." கடலில் கம்பு நட்டு மீன் பிடிக்கும் கொட்டகை எப்படி விற்ற ஆட்டத்துக்குப் பெயரானதோ தெரியவில்லை, சொல் மட்டும் நன்றாகப் பிடித்துக்கொண்டது. ஆனால் அங்கிளோடு எனக்கு இதில் ஒத்துப்போவதில்லை. மார்ட்டினெஸின் கால் கெலோங் இல்லை. திடலுக்குள் நடப்பது நிஜம், அதனால்தான் விலை போகிறது. பேரம் எல்லாம் திடலுக்கு வெளியே, ஹோட்டல் அறைகளில்.

கத்தாருக்கு அந்தப் போட்டி கிடைத்த கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். 2010 டிசம்பர் 2, வாக்களித்தவர்கள் வெறும் 22 பேர். இருக்க வேண்டியது 24, இரண்டு பேரை பிரிட்டிஷ் பத்திரிகை நிருபர்கள் பொறி வைத்துப் பிடித்ததில் வாக்கெடுப்புக்கு முன்பே இடைநீக்கம் செய்துவிட்டார்கள். கடைசிச் சுற்றில் கத்தார் 14, அமெரிக்கா 8. தவறு எதுவும் செய்யவில்லை என்றுதான் கத்தார் இன்றுவரை சொல்கிறது. அதை ஆராய்ந்த ஃபிஃபா நெறிமுறை விசாரணையாளர் மைக்கேல் கார்சியா, தன் அறிக்கைக்கு ஃபிஃபா வெளியிட்ட 42 பக்கச் சுருக்கம் தவறானது என்று சொல்லிவிட்டு 2014-ல் பதவி விலகினார். முழு அறிக்கை வெளிவர 2017 ஆயிற்று.

நமக்குப் பக்கத்திலேயே இன்னொரு ஆள். கோலாலம்பூரில் தலைமையகம் வைத்திருக்கும் ஆசியக் காற்பந்துக் கூட்டமைப்பின் தலைவராக இருந்தவர் முகமது பின் ஹம்மாம். 2011-ல் அப்போதைய தலைவர் பிளாட்டரை எதிர்த்து ஃபிஃபா தலைவர் தேர்தலில் நின்றார். மே மாதம் போர்ட் ஆஃப் ஸ்பெயினில் கரீபியச் சங்கங்களின் கூட்டம், அவர் பேசி முடித்த பிறகு பிரதிநிதிகளை ஒவ்வொருவராக ஓர் அறைக்குக் கூப்பிட்டு ஓர் உறை கொடுத்தார்கள், உள்ளே ரொக்கமாக 40,000 டாலர். பஹாமாஸ் சங்கத்தின் துணைத் தலைவர் அந்தப் பணத்தைப் படம் பிடித்துக்கொண்டு உறையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அந்தப் படம் மட்டும் இல்லாவிட்டால் இது வெறும் வதந்தியாகவே போயிருக்கும். வழக்கு மேலும் கீழும் போய்வந்து, ஆசியக் கூட்டமைப்பில் அவர் செய்த வேறு காரியங்களுக்காக 2012 டிசம்பரில் ஆயுள் தடை.

2015 மே 27 எல்லோருக்கும் நினைவிருக்கும். விடியற்காலையில் சூரிக்கின் பாவர் ஓ லாக் ஹோட்டலில் ஏழு காற்பந்து அதிகாரிகளைப் போலீஸ் பிடித்தது, கேமராவில் முகம் விழாமலிருக்க ஹோட்டல் ஊழியர்கள் வெள்ளைப் படுக்கை விரிப்பைத் தூக்கிப் பிடித்தார்கள். 24 ஆண்டு, 15 கோடி டாலருக்கு மேல் லஞ்சம் என்று அமெரிக்கக் குற்றப்பத்திரிகை சொன்னது. சரி, இதற்குப் பிறகு அந்தச் சங்கத்து உறுப்பினர்கள் என்ன செய்தார்கள்? இரண்டே நாளில் கூடி அதே பிளாட்டரைத் திரும்பவும் தேர்ந்தெடுத்தார்கள், 133 வாக்குக்கு 73. நான்கு நாள் கழித்து அவரேதான் விலகுகிறேன் என்றார். (நியாயமாகச் சொல்ல வேண்டும், ஐரோப்பியக் கூட்டமைப்பின் தலைவராக இருந்த பிளாட்டினிக்குக் கொடுத்த 20 லட்சம் பிராங்க் வழக்கில் இரண்டு பேரும் 2022-லும், மேல்முறையீட்டில் 2025-லும் விடுதலையாகிவிட்டார்கள்.)

அந்த 133-தான் எனக்கு முக்கியம். ஆள் கெட்டவர், ஆளை மாற்றினால் சரியாகிவிடும் என்று நினைப்பவர்கள் அந்த எண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருக்கட்டும். ஃபிஃபாவில் 211 உறுப்பினர்கள், ஆளுக்கு ஒரு வாக்கு. பிரேசிலுக்கும் ஒன்று, நமக்கும் ஒன்று, ஒரு ஸ்டேடியம் நிரம்பும் அளவுக்குக்கூட ஆள் இல்லாத தீவுக்கும் ஒன்று. சின்ன ஊர்க்காரனான எனக்கு அதில் குறை இல்லை. சிக்கல், வாக்குக் கேட்கும் ஆள் கையிலேயே பணப்பெட்டிச் சாவியும் இருப்பதுதான். வளர்ச்சி நிதி என்று 2023–26 காலத்துக்கு ஒவ்வொரு சங்கத்துக்கும் 80 லட்சம் டாலர் வரை உண்டு. இது லஞ்சம் இல்லை, சட்டப்படியான பணம், பல ஏழை ஊர்களில் நல்ல திடல் வந்திருப்பதும் இதனால்தான். ஆனால் அதை வாங்கும் சங்கத்துத் தலைவர், கொடுப்பவருக்கு எதிராகக் கை தூக்குவாரா? நீங்களே சொல்லுங்கள்.

இந்தப் பொருள் ஏன் பெருத்துக்கொண்டே போகிறது என்பதற்கும் விடை அங்கேதான். 1974-ல் ஃபிஃபா தலைவரான பிரேசில்காரர் ஆவலாஞ் ஆப்பிரிக்கா, ஆசியா வாக்குகளை வாங்கியதில் ஒரு பங்கு, அவர்களுக்கு உலகக் கிண்ணத்தில் கூடுதல் இடம் தருவேன் என்ற வாக்குறுதி. 16 அணி 24 ஆனது, பிறகு 32. அவர் லஞ்சம் வாங்கினார் என்பது சுவிஸ் நீதிமன்ற ஆவணங்களில் 2012-ல்தான் வெளியே வந்தது. அந்தக் காலத்தில் அங்கே அது குற்றமே இல்லையாம். 2016-ல் தலைவராக வந்த இன்ஃபான்டினோ 48 ஆக்கிவிட்டார். அதனால்தான் இந்தத் தடவை 64-க்குப் பதில் 104 ஆட்டம்.

2019-லும் 2023-லும் இன்ஃபான்டினோவை எதிர்த்து யாருமே நிற்கவில்லை. கைதட்டியே தேர்ந்தெடுத்துவிட்டார்கள். மூன்று தவணைதான் இருக்கலாம் என்பது விதி, ஆனால் முதல் மூன்று ஆண்டு முழுத் தவணை இல்லை, அது கணக்கில் வராது என்று சொல்லி 2031 வரைக்கும் வழி வைத்துக்கொண்டாயிற்று. 2034 போட்டிக்கு விண்ணப்பித்தது சவூதி மட்டும், அதற்கும் கைதட்டல். 2025 டிசம்பரில் வாஷிங்டனில் நடந்த உலகக் கிண்ண அணிக் குலுக்கலின்போது ஃபிஃபா அமைதிப் பரிசு என்று புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்து டிரம்ப்புக்குக் கொடுத்தார்கள். அதைப் பார்த்து அங்கிள் சிரித்த சிரிப்பில் குடித்த தே ஓ தேநீர் மூக்கில் ஏறிவிட்டது.

எனக்குச் சிரிப்பு வருவது வேறு இடத்தில். நம் சிங்கப்பூர்க் காற்பந்துச் சங்கத்துக்கு 2017 வரை தேர்தலே கிடையாது, அரசாங்கம் பார்த்து நியமித்தவர்கள்தான் தலைவர்கள். வெளித்தலையீடு கூடாது, உறுப்பினர்கள் வாக்களித்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது ஃபிஃபா விதி, அதற்கேற்பத்தான் இங்கே தேர்தல் வந்தது. 2022-ல் இந்தியச் சங்கத்தை இதே காரணம் காட்டிப் பத்து நாள் சொச்சம் இடைநீக்கம் செய்தார்கள். 2025-ல் கடலுக்கு அந்தப் பக்கம் மலேசியச் சங்கத்தில் ஏழு ஆட்டக்காரர்களுக்குப் போலிப் பத்திரம் என்று பிடித்ததும் ஃபிஃபாதான், அதில் பாராட்டத்தான் வேண்டும். ஊருக்கெல்லாம் இவ்வளவு கறாராக இருக்கத் தெரிந்தவர்களுக்கு, தங்கள் மாநாட்டில் மட்டும் வாக்குப் பெட்டியைக் காணோம்.

வாங்கலாமா என்ற கேள்விக்கு வருகிறேன். இந்த முறை ஆட்டம் அமெரிக்கா, கனடா, மெக்சிகோவில், நமக்கு நடுச்சாமத்திலிருந்து மறுநாள் நண்பகல் வரை ஓடும். இறுதியாட்டம் ஜூலை 20 திங்கட்கிழமை அதிகாலை 3 மணி. காலையில் வேலைக்குப் போகிறவர்கள் பாதிகூடப் பார்க்க மாட்டீர்கள், இலவசமாகக் காட்டும் ஆட்டங்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இரவு ஷிஃப்ட் ஆட்களுக்குக் கொண்டாட்டம். வாங்குவதாக இருந்தால் செயலியில் பார்க்காதீர்கள், பெட்டி வைத்துப் பாருங்கள், போட்டி முடிந்த மறுநாளே சந்தாவை நிறுத்தச் சொல்லி எழுதிப் போட்டு அதை ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஆட்டத்துக்கு ஐந்து நட்சத்திரம், கொண்டுவந்து கொடுத்தவருக்கு மூன்று, தயாரித்தவருக்குப் பூஜ்யம் போட்டால் தளம் ஏற்றுக்கொள்ளவில்லை, குறைந்தது ஒன்றாவது போட வேண்டுமாம்.

நான் வாங்கத்தான் போகிறேன், என்ன செய்வது. மச்சான் பாதிப் பணம் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். 2022-க்குத் தர வேண்டிய ஐம்பது வெள்ளியே அவரிடமிருந்து இன்னும் வரவில்லை.