சேலத்தில் வண்டிக்கடை போடுபவர்களே, ‘எல்லா லைசென்ஸும் ஒரே பேக்கேஜ்’ ஏஜென்ட்டிடம் ஜாக்கிரதை

எஃப்எஸ்எஸ்ஏஐ (மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையம்), மாநகராட்சி, ஆர்டிஓ எல்லாம் சேர்த்துப் பதினெட்டாயிரம் ரூபாய் என்று யாராவது வந்தால் பணத்தைக் கையில் எடுக்காதீர்கள். தட்டுவடை செட்டும் நொறுக்கலும் போட நானும் மச்சானும் ஒரு பழைய டாடா ஏஸை வாங்கித் தயார் செய்துகொண்டிருந்தபோது எங்களிடம் அப்படி ஒருவர் வந்தார். “நீங்க வியாபாரத்தப் பாருங்கண்ணா, பேப்பரெல்லாம் நான் பாத்துக்கறேன்.” ரசீது கேட்டதற்கு, கவர்மென்ட் வேலைக்கு ரசீது கிடையாதாம்!

நம்பிப் பணத்தை அனுப்பினோம். கடைசியில் அவர் கொடுத்தது எஃப்எஸ்எஸ்ஏஐ சான்றிதழ் என்று ஒரு லேமினேஷன் அட்டை. முத்திரை, கியூஆர் கோடு, 14 இலக்க எண் எல்லாம் இருந்தன. கடைப் பெயர் மட்டும் வேறு எழுத்தில், லேசாகச் சாய்ந்து ஒட்டியிருந்தது. சாரதா கல்லூரி ரோட்டில் சோதனைக்கு வந்த உணவுப் பாதுகாப்பு அலுவலர் முதல் இலக்கத்தைப் பார்த்ததுமே நிமிர்ந்தார். 1 என்று தொடங்கினால் லைசென்ஸ், பெரிய கடைகளுக்கு உரியது. எங்களைப் போன்ற சின்ன வண்டிக்குப் பதிவுச் சான்றிதழ்தான், அது 2-இல் தொடங்கும். எண்ணைப் போனில் தட்டினார். வேறு மாவட்டத்து பேக்கரி ஒன்றின் பெயர் வந்தது. அன்றே வண்டியை ஓரம் கட்டச் சொல்லிவிட்டார்.

அந்தப் பதிவுக்குக் கட்டணமே வருடத்துக்கு 100 ரூபாய்தான். நடமாடும் தெருவோர உணவு வியாபாரிகளுக்கு 2024 செப்டம்பரில் அதையும் தள்ளுபடி செய்துவிட்டார்கள். போட்டோ, அடையாள அட்டையோடு எஃப்எஸ்எஸ்ஏஐயின் ஃபாஸ்காஸ் (FoSCoS) இணையதளத்தில் நாமே விண்ணப்பிக்கலாம். யாராவது சான்றிதழ் வாங்கிக் கொடுத்தாலும் அதன் எண்ணை அங்கேயே போட்டுப் பாருங்கள், யார் பெயரில் இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

எங்கே நிறுத்துவது என்பது தனி விஷயம். 2014 தெருவோர வியாபாரிகள் சட்டப்படி வியாபாரச் சான்றிதழ் தருவது மாநகராட்சி. உணவுப் பதிவு கையில் இருப்பதால் ரோட்டோரத்தில் இடம் கிடைத்துவிடாது. “இதை வெச்சு ஏற்காட்டுலயும் போடலாம்” என்று அந்த ஆள் சொன்னது சுத்தப் புருடா. மாநகராட்சி அனுமதி மலைமேல் எப்படிச் செல்லும்?

வண்டி விஷயம் இன்னும் மோசம். பின்பக்கத்தை வெட்டி அடுப்பு மேடையும் ஷட்டரும் வைத்திருக்கிறோம், ஆர்சியில் அது இன்னும் சாதாரண சரக்கு வண்டி. இந்த மாற்றத்துக்கு ஆர்டிஓ ஒப்புதல் வேண்டும். வாங்கித் தருவதாகச் சொன்னவர் அந்த ஆபீஸ் பக்கமே போகவில்லை.

பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டுகளோடு போலீசில் புகார் கொடுத்திருக்கிறோம். ஆள் போனை எடுப்பதில்லை. கோரிமேடு பக்கம் புதிதாக வண்டி கட்டுபவர்களிடம் இப்போது அதே பேக்கேஜைப் பேசிக்கொண்டிருக்கிறார் என்று கேள்வி.