தம்பலகாமத்து வயலோரத்தில் ஒரு வீட்டுச் சாப்பாடு

அம்மா பிறந்தது தம்பலகாமத்தில். கலியாணம் முடித்துத் திருகோணமலை ரவுனுக்கு வந்த பிறகு கோயில் திருவிழாவுக்கு மட்டும்தான் அங்கே போய்வருவா. போன ஞாயிறு அவவையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு, வயலோரத்தில் ஒரு குடும்பம் நடத்துகிற வீட்டுச் சாப்பாட்டுக்குப் போனோம். பெயர்ப்பலகை ஒன்றும் இல்லை. கண்டி வீதியில் தம்பலகாமச் சந்தியால் உள்ளுக்குத் திரும்பி விசாரித்தால் காட்டுவார்கள். முதல்நாளே போன் எடுத்து எத்தனை பேர் என்று சொல்லிவிட வேண்டும். ஆளுக்கு 1200 ரூபா.

சொந்த வயல் நெல்லில் சிவப்பரிசிச் சோறு, விரால்மீன் குழம்பு, இறால் பொரியல், கத்தரிக்காய்ப் பால்கறி, பொன்னாங்காணிச் சுண்டல், சொதி. கந்தளாய்க் குளத்துத் தண்ணீரில் விளைந்த நெல், வாய்க்காலில் பிடித்த விரால், அந்தத் தண்ணீர் வயல் தாண்டிப் போய்ச் சேருகிற களப்பில் பிடித்த இறால். தண்ணீர் வந்த வழி முழுவதும் ஒரே கோப்பைக்குள் இருந்தது. குழம்பில் புளி கொஞ்சம் கூட. எனக்கு அது பிடிக்கும், பிள்ளைகளுக்குப் பிடிக்கவில்லை.

ஆனால் நான் எழுத வந்தது தயிரைப் பற்றி. எருமைப்பாலை விறகடுப்பில் காய்ச்சி, மண்சட்டியில் ஊற்றி உறைய விடுகிறார்கள். மேலே தடித்த ஆடை. அந்த வீட்டு அக்கா சட்டியைச் சரித்துக் காட்டினா, தயிர் அசையவில்லை. அகப்பையால் வெட்டி எடுத்த இடம் குழியாக அப்படியே நின்றது, ஒரு சொட்டு நீர் ஊறவில்லை. "சட்டி தண்ணியக் குடிச்சிரும் பிள்ள, பிளாஸ்டிக்கில ஊத்தினா இப்பிடி வராது" என்றா. வாயில் வைத்ததும் லேசாகப் புகை மணத்தது. பாணி விடாமலே இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டேன்.

சாப்பாட்டுக்குப் பிறகு அந்த வீட்டு ஐயா எங்களை வரம்பில் கூட்டிக்கொண்டு போனார். இதற்குத் தனிக் காசு இல்லை. சிறுபோக நெல் கதிர் தள்ளுவதற்கு முந்தின குடலைப் பருவத்தில் நின்றது. வாய்க்காலில் அல்லிப்பூ, வரம்பு நெடுகக் கொக்கு. கந்தளாய்க் குளம் மன்னன் குளக்கோட்டன் கட்டியது என்ற ஊர்க்கதையையும், 1986 சித்திரையில் அந்தக் குளக்கட்டு உடைப்பெடுத்ததையும் நேற்று நடந்தது போலச் சொன்னார். 1622இல் போத்துக்கேயர் கோணமலைக் கோயிலை இடித்தபோது அடியார்கள் ஒளித்துக் காப்பாற்றிய விக்கிரகங்கள்தான் இங்கே ஆதிகோணேஸ்வரக் கோயிலில் எழுந்தருளின என்று ஊரில் வழிவழியாகச் சொல்வார்கள். பாடப்புத்தகத்தில் படித்தபோது காதில் ஏறாத இந்தக் கதையை, கோயில் பக்கம் கையை நீட்டி அவர் சொன்னபோது என் மகன் வாய்திறக்காமல் கேட்டான்.

நடுவில் ஐயா அம்மாவைப் பார்த்து, "நீங்க ஆரிட மகள்?" என்று கேட்டார். அம்மா தன் அப்பாவின் பெயரைச் சொன்னா. அவர் கொஞ்ச நேரம் நின்று, வாய்க்காலுக்கு அப்பால் ஒரு வயல்துண்டைக் காட்டி, "அதுதானே உங்கட அப்பா செய்த வயல்" என்றார். அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு வரம்பால் அங்கே போய் நின்றா. நாங்கள் பின்னால் போகவில்லை.

குறைகளும் சொல்ல வேண்டும். பன்னிரண்டரைக்கு என்று சொன்ன சாப்பாடு ஒன்றரைக்குத்தான் வந்தது. கழிவறை முற்றத்துக்கு அப்பால், குந்தியிருக்கும் வகை. முழங்கால் வருத்தம் உள்ள அம்மா கஷ்டப்பட்டா. ஒரு நாற்காலிக் கழிவறை போட்டால் வயதானவர்களைத் தயங்காமல் கூட்டிப் போகலாம், அக்காவிடமும் சொன்னேன். மாரியில் அந்த மண்பாதையால் ஓட்டோ போகாது. மரக்கறி மட்டும் சாப்பிடுபவர்கள் முன்கூட்டியே சொல்லாவிட்டால் கத்தரிக்காயும் சொதியும் சுண்டலும்தான்.

தயிர்ச்சட்டி விலைக்கும் கொடுக்கிறார்கள், ஆனால் பின்னேரத்துக்குள் முடிந்துவிடும். போனவுடனேயே சொல்லி வைத்துவிடுங்கள். நாங்கள் மூன்று வாங்கினோம். இரண்டைக் காலடியில் வைத்தோம். மூன்றாவதை அம்மா ஒருவரிடமும் கொடுக்காமல் ரவுன்வரை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தா.