லார்ப் படங்களுக்கு ஒரு புத்தகம்: அச்சுக்கடைச் சேவை பற்றிய மதிப்புரை

லார்ப் எனப்படும், பாத்திரமேற்று நேரில் ஆடும் கதையாட்டம் முடிந்த அன்றிரவே குழுவின் வாட்ஸ்அப்பில் படங்கள் குவியத் தொடங்கும். ஒரு வாரம் எல்லாரும் பார்த்துப் பாராட்டுவார்கள். அதன் பிறகு அவை யாரோ ஒருவருடைய கூகல் டிரைவில் முடங்கிக் கிடக்கும். சேமிப்பிடம் நிறைந்துவிட்டதாக அறிவிப்பு வரும்போதுதான் மறுபடியும் நினைவுக்கு வரும். எங்கள் தமிழ்க் குழுவின் படங்களுக்கும் அந்த நிலை வந்துவிடக்கூடாது என்பதற்காக, சிங்கப்பூரின் பென்கூலன் ஸ்ட்ரீட் சன்ஷைன் பிளாசாவிலுள்ள அச்சுக்கடைகளில் ஒன்று வழங்கும் புகைப்படப் புத்தகச் சேவையைப் பயன்படுத்தினோம். குறைகளையும் எழுதப்போவதாலும், அது இருவர் மட்டுமே நடத்தும் சிறு கடை என்பதாலும், பெயரைத் தவிர்த்திருக்கிறேன்.

கடையைப் பற்றிச் சொல்வதற்கு முன், இந்தப் படங்களுக்கே உரிய சிக்கலைச் சொல்லவேண்டும். லார்ப் ஆட்டத்தில் பாத்திரமேற்றவர்கள், முன்கூட்டி எழுதிய வசனம் எதுவுமின்றி, மணிக்கணக்கில் அந்தப் பாத்திரமாகவே பேசியும் பேரம்பேசியும் பகைத்துக்கொண்டும் கதையை நடத்திச் செல்கிறார்கள். தனியாகப் பார்வையாளர் என்று யாரும் கிடையாது. ஆடுபவரே பார்ப்பவரும் ஆவார். இருபது பேர் ஆடினால் இருபது கதைகள் நடக்கும். படமெடுப்பவரோ இவை எல்லாவற்றுக்கும் வெளியே நிற்கிறார். எடுப்பான உடையும் உரக்கப் பேசும் முகமும் அவருக்குத் தப்பாமல் கிடைத்துவிடும். மூலையில் ஒதுங்கி நின்றவரின் படபடப்பு கிடைக்காது. 1997இல் ஓஸ்லோவில் க்னூட்டெபுங்க்ட் என்னும் லார்ப் மாநாடு தொடங்கியது முதல் நார்டிக் எனப்படும் வட ஐரோப்பிய நாட்டு ஆட்டக்காரர்கள் கூடிப் பேசிவரும் கேள்விகளில், ஆட்டத்தை எப்படிப் பதிவுசெய்வது என்பதும் ஒன்று. படத்தோடு ஆடியவரின் சொல்லும் சேர்ந்தால்தான் அது பயனுள்ள பதிவாகும் என்பது என் கருத்து. இந்தக் கடையை நான் மதிப்பிடுவதும் அந்த அளவுகோலை வைத்துத்தான்.

எங்கள் ஆட்டம் 14ஆம் நூற்றாண்டில், சிங்கப்பூரின் பழைய பெயரான தெமாசிக்கின் துறைமுகத்தில் நடப்பதாகக் கற்பனை செய்யப்பட்டது: தமிழ் வணிகர்கள் வந்திறங்குகிறார்கள், ஒரு சரக்குப் பட்டியல் காணாமல் போகிறது, துறைமுகத் தலைவர் முன்னிலையில் விசாரணை நடக்கிறது. ஆடிய இடம் ஒரு சமூக மன்றத்தின் பல்நோக்கு அறை. படங்கள் அனைத்தையும் கடைக்காரர்கள் முதலில் ஒரு தம்ப் டிரைவில் வாங்கிக்கொண்டு, சிறு கட்டங்களாகத் தாள்களில் அச்சிட்டு மேசையில் பரப்புகிறார்கள். குழுவிலிருந்து மூன்று நான்கு பேர் நேரில் வந்து உட்கார்ந்து தேர்ந்தெடுக்கவேண்டும் என்பது அவர்களுடைய நிபந்தனை. நாற்பது பக்கத்துக்கு அறுபது படங்களுக்கு மேல் ஏற்பதில்லை. முதலில் இது எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் அங்கே பணிபுரியும் தமிழ் அக்கா எங்களோடு அமர்ந்து ஒவ்வொரு தாளாகப் பார்க்கத் தொடங்கியதும் எரிச்சல் போய்விட்டது.

அவருக்கு லார்ப் பற்றி எதுவும் தெரியாது. அதுவே எங்களுக்கு நன்மையாக அமைந்தது. விசாரணைக் காட்சியில் பின்னணி மங்கிப்போன ஒரு படத்தை நாங்கள் ஒதுக்கி வைத்திருந்தோம். அதை எடுத்துப் பார்த்தவர், எங்கள் ஒருங்கிணைப்பாளரிடம், "ஏன் தம்பி, எல்லாரும் தலைவரைப் பாக்குறாங்க, இந்தப் பிள்ளை மட்டும் எதுக்குக் கதவைப் பாத்துக்கிட்டு நிக்குது?" என்று கேட்டார். ஆட்டத்தை எழுதியவருக்கே விடை தெரியவில்லை. அந்தப் பெண் எங்களோடுதான் உட்கார்ந்திருந்தார். "பட்டியல் என் இடுப்புத் துணிக்குள்ளதான் இருந்துச்சுக்கா. சோதனை போட வந்தா ஓடிடலாம்னு கதவையே பாத்துக்கிட்டு நின்னேன்" என்றார். ஒருங்கிணைப்பாளரின் வாய் பிளந்தது பிளந்தபடியே இருந்தது. ஒதுக்கப்பட்ட அந்தப் படம் இப்போது இரண்டு பக்கங்களை நிறைத்து நிற்கிறது. கீழே அந்த வாக்கியம் பேச்சுவழக்கு மாறாமல் அச்சாகியிருக்கிறது. இணையத்தில் நாமே படங்களை ஏற்றி ஆயத்த வார்ப்புருவில் அடுக்கும் சேவைகள் விலையில் மலிவானவை, வேகமானவை. ஆனால் அவற்றில் இப்படி ஒரு கேள்வி கேட்க ஆள் இல்லை.

ஒவ்வொரு படத்தின் கீழும் இரண்டு விரல் அகலத்துக்கு வெற்றிடம் விடும் பழக்கமும் பாராட்டுக்குரியது. குறிப்பை அச்சிடாமல் விட்டால், புத்தகம் கைமாறும்போது ஆடியவர்கள் தம் கைப்படவே எழுதிக்கொள்ளலாம். அதற்கு மேற்பூச்சு இல்லாத தாளைக் கேட்டு வாங்கவேண்டும். பளபளப்புத் தாளில் பேனா மை ஒட்டாமல் இழுகும்.

வரிசைப்படுத்துவதில் அவர்கள் காட்டிய பொறுமையைக் குறிப்பிடாமல் இருக்க முடியாது. மூன்று படக்கருவிகளில் எடுத்த படங்களை, எடுத்த நேரத்தை வைத்துத்தான் மென்பொருள் அடுக்குகிறது. தோக்கியோ சென்றுவந்த நண்பர் ஒருவரின் கருவி ஜப்பானிய நேரத்திலேயே, ஒரு மணிநேரம் முந்தி ஓடிக்கொண்டிருந்தது. அவர் எடுத்த படங்களெல்லாம் தள்ளிப்போனதால், முதல் அடுக்கில் தீர்ப்பு வந்த பிறகு சாட்சிகள் வரத் தொடங்கினார்கள். இதைக் கண்டுபிடித்துத் திருத்தியவர் கடைக்காரர்தான். லார்ப் ஆடுவோர் தொடக்கத்திலேயே எல்லாக் கருவிகளையும் ஒரே கடிகாரத்தைப் படமெடுக்க வைத்துவிட்டால் இந்தத் தலைவலி வராது.

உரிமை விஷயத்தில் கடை காட்டும் கவனம் நான் எதிர்பாராதது. சிங்கப்பூரில் 2021 நவம்பர் 21 முதல் நடப்பிலுள்ள பதிப்புரிமைச் சட்டத்தின்படி, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன படத்தின் உரிமையும் எடுத்தவருக்கே சேரும். ஆகவே, நாங்கள் அமர்த்திய புகைப்படக்காரரின் எழுத்துபூர்வ சம்மதத்தைக் கேட்டு வாங்கிய பிறகுதான் வேலையைத் தொடங்கினார்கள். படத்தில் இருப்பவர்களின் சம்மதத்தை வாங்குவது கடையின் பொறுப்பில்லை. அதைக் குழுதான் செய்யவேண்டும். வேடமிட்டு அழுத முகத்தை அலுவலகத்தில் யாரும் பார்க்கவேண்டாம் என்று ஒருவர் கேட்டுக்கொண்டார். அவர் இடம்பெறும் படங்களைத் தேர்வுக்கு முன்பே நீக்கிவிட்டோம். ஆட்டத்துக்கு முன்பே இதைக் கேட்டு வைத்துக்கொள்வது நாகரிகம்.

அச்சின் தரத்தில்தான் குறை இருக்கிறது. விளக்கொளியில் எடுத்த இரவுக் காட்சிகள் திரையில் அழகாகத் தெரிந்தாலும், தாளில் கறுத்துப்போய் வந்தன. தலைவரின் தாடியும் பின்சுவரும் ஒன்றாகிவிட்டன. மேற்பூச்சு இல்லாத தாள் மையை உறிஞ்சி நிழலை மேலும் இருட்டாக்கும் என்பது அச்சுக்கடைக்குத் தெரியாத செய்தி அல்ல. முழு அச்சுக்கு முன் ஒரு மாதிரிப் பக்கத்தை அவர்களே காட்டியிருக்கவேண்டும்; கேட்டால் மட்டும் தருவது சரியான வழக்கமில்லை. அந்தப் பக்கங்களைக் கட்டணமின்றி மறுபடி அச்சிட்டுத் தந்தார்கள் என்பதையும் சொல்லவேண்டும். கட்டு வகையிலும் எச்சரிக்கை தேவை: சாதாரண ஒட்டுக்கட்டில் நடு மடிப்பு ஒரு முகத்தையே விழுங்கிவிடும், தட்டையாக விரியும் கட்டுக்குக் கூடுதலாகச் செலவழிப்பதில் தவறில்லை. முழு ஏ4 பக்கத்துக்கு 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) கணக்கில் 2480க்கு 3508 பிக்சல் வேண்டும் என்பதால், வாட்ஸ்அப் சுருக்கிய படங்களை அவர்கள் தொடுவதே இல்லை. மூலக்கோப்பைத் தேடி எடுத்து வையுங்கள்.

இன்னொன்றில் எனக்கு உடன்பாடில்லை. துறைமுகத் தலைவரின் தலைக்குப் பின்னால் பச்சை நிறத்தில் ஒளிர்ந்த வெளியேறும் வழிப் பலகையைக் கேட்காமலேயே அழித்துவிட்டார்கள். நான் விட்டுவைத்திருப்பேன். 1928இல் ஃபோர்ட் கேனிங் குன்றில் கிடைத்த பொன் அணிகலன்களைப் பார்த்து அட்டையில் செய்த தோள்வளைகளை நாங்கள் அணிந்திருந்தோம். பலகையும் போய்விட்டால், சூழல் தெரியாமல் பார்ப்பவர் இதை வரலாற்று மீள்நடிப்பு என்று எடுத்துக்கொள்ள வாய்ப்பிருக்கிறது. முதல் பக்கத்தில் இது கற்பனை ஆட்டம் என்று இரண்டு வரி சேர்க்கச் சொன்னோம், மறுப்பின்றிச் சேர்த்தார்கள்.

தட்டைக்கட்டுடன் நாற்பது பக்கப் பிரதி ஒன்றுக்கு 110 சிங்கப்பூர் வெள்ளி ஆனது. ஒரு பிரதியை எல்லாரும் சுற்றிப் படிப்பது எங்கள் ஏற்பாடு என்பதால், பங்கிட்டபோது யாருக்கும் சுமையாக இல்லை. சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டும் இந்த ஊரில் துணி அட்டை பூசணம் பிடிக்கும். கடையில் தரும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தை எறியாமல் பெட்டியிலேயே போட்டு வைக்கவும். ஞாயிற்றுக்கிழமை கடை திறப்பதில்லை. வேலைக்குப் போகிறவர்கள் மூன்று நான்கு பேர் ஒன்றாக வந்து உட்காரவேண்டும் என்று கேட்கும் கடைக்கு இது பொருந்தாத வழக்கம். சனிக்கிழமை காலையில் முன்பதிவு செய்துகொண்டு போவது நல்லது.