எடின்பரோ பேறுகால மனச்சோர்வுப் படிவம்: ஊரடங்கில் நிரப்பிய ஒருத்தியின் மதிப்பீடு

கர்ப்பிணிகளின் மனநிலையையும் பிள்ளை பெற்றவர்களின் மனநிலையையும் அறிய உலகின் பல நாடுகளில் பயன்படுத்தப்படும் கருவி, எடின்பரோ பேறுகால மனச்சோர்வுப் படிவம். ஒரு பக்கத் தாளில் 10 கேள்விகள்; நிரப்பச் சில நிமிடங்கள் போதும்; விலை எதுவும் இல்லை. மனநல மருத்துவர் ஜான் காக்ஸும் அவருடன் பணிபுரிந்த இருவரும் ஸ்காட்லாந்தில் 84 தாய்மார்களிடம் சோதித்து 1987இல் வெளியிட்ட இந்தப் படிவத்தின் தமிழ் வடிவம், 2005இல் சரிபார்க்கப்பட்டு வெளிவந்தது. கொரோனா இரண்டாம் அலை உச்சத்திலிருந்த 2021 மே மாதத்தில், என் முதல் கர்ப்பத்தின்போது, மதுரையில் நான் பார்த்துவந்த ஒரு தனியார் மகப்பேறு மருத்துவமனை இதை எனக்கு அனுப்பிவைத்தது. படிவத்தையும் அது வந்துசேர்ந்த விதத்தையும் தனித்தனியாகத்தான் மதிப்பிட வேண்டும்.

படிவத்தைப் பொறுத்தவரை, அதை உருவாக்கியவர்கள் கர்ப்பத்தையும் பேற்றையும் நன்கு அறிந்தவர்கள் என்பது முதல் வாசிப்பிலேயே தெரிகிறது. மனச்சோர்வை அளக்கும் பொதுவான வினாப்பட்டியல்கள் உடல் அசதி, பசியில் மாற்றம், தூக்கக் குறைவு ஆகியவற்றையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளும்; ஏழாம் மாதத்தில் இருக்கும் எந்தப் பெண்ணுக்கும் இவை மூன்றும் இருக்கும் என்பதால், அவற்றின்படி பார்த்தால் கர்ப்பிணிகள் எல்லோருமே நோயாளிகள் ஆகிவிடுவார்கள். எடின்பரோ படிவம் அசதியையும் பசியையும் கேட்பதே இல்லை. தூக்கத்தைப் பற்றிக் கேட்கும்போதும், மனம் வருந்தியதால் தூக்கம் கெட்டதா என்றுதான் கேட்கிறது. சிரிக்க முடிகிறதா, வரவிருப்பதை ஆவலுடன் எதிர்நோக்க முடிகிறதா என்று மெல்லத் தொடங்கி, தன்னைத் தானே துன்புறுத்திக்கொள்ளும் எண்ணம் வந்ததா என்ற பத்தாவது கேள்வியில் முடிகிறது. கடந்த ஏழு நாட்களை மட்டும் நினைத்துப் பார்த்து விடை சொல்ல வேண்டும். ஒவ்வொரு விடைக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 30; மதிப்பெண் கூடக்கூட மனச்சோர்வின் அறிகுறிகள் கூடுதல் என்று பொருள்.

பெருந்தொற்றுக் காலத்தில் இந்தப் படிவம் தடுமாறும் இடம் அதன் நடுப்பகுதி. நான்காவது கேள்வியும் ஐந்தாவது கேள்வியும், தக்க காரணமின்றிக் கவலையோ பயமோ ஏற்பட்டதா என்று கேட்கின்றன. ஆக்சிஜன் படுக்கைக்காக ஆம்புலன்ஸ்கள் மருத்துவமனை வாசல்களில் காத்துக்கிடந்த செய்திகளை நாள்தோறும் பார்த்துக்கொண்டிருந்த, கர்ப்பிணி என்பதாலேயே தடுப்பூசி மறுக்கப்பட்டிருந்த ஒருத்தி இதற்கு என்ன விடை எழுதுவாள்? கர்ப்பிணிகள் தடுப்பூசி போட்டுக்கொள்ள மத்திய அரசு அனுமதித்தது 2021 ஜூலை 2 அன்றுதான். அதுவரை எங்கள் பயத்துக்கு மிக நல்ல காரணம் இருந்தது. கேள்வியின் சொற்களை நேர்மையாகப் பின்பற்றினால் 'இல்லை' என்று எழுதிப் பூஜ்யம் வாங்கலாம். நெஞ்சு படபடத்து விடியும்வரை விழித்திருந்ததை நினைத்தால் மூன்று போட வேண்டும். நான் மூன்று போட்டேன். காரணமுள்ள பயமும் மனத்தை அரிக்கத்தான் செய்கிறது என்பதால், பேரிடர்க் காலங்களில் இந்த இரு கேள்விகளையும் எப்படி எடுத்துக்கொள்வது என்று ஒரு வரி விளக்கமாவது சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

இந்தக் குறையோடும் படிவம் பயன்படவே செய்தது. சீனாவில் 25 மருத்துவமனைகளில் கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் இருந்த 4,124 பெண்களிடம் இதே படிவத்தைக் கொடுத்து ஆராய்ந்திருக்கிறார்கள். நோய் மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவுகிறது என்று 2020 ஜனவரி 20 அன்று அறிவிக்கப்பட்டதற்கு முன்பு நிரப்பியவர்களில் 26.0 சதவீதத்தினரிடம் மனச்சோர்வின் அறிகுறிகள் இருந்தன. பின்பு நிரப்பியவர்களில் அது 29.6 சதவீதம். நாள்தோறும் அறிவிக்கப்பட்ட தொற்று, இறப்பு எண்ணிக்கைகள் கூடக்கூட அந்த விகிதமும் கூடியது. வேறுபாடு சிறியதாகத் தோன்றலாம். ஆனால் பெருந்தொற்று வருவதற்கு முன்பே நான்கில் ஒரு பெண்ணிடம் அறிகுறிகள் இருந்திருக்கின்றன என்பதைத்தான் நான் அந்த எண்களில் முதலில் கவனித்தேன்.

இனி, படிவம் எனக்கு வந்த விதம். இதைத் தாயே, பிறருடன் கலந்து பேசாமல், தனியாக நிரப்ப வேண்டும் என்பது அடிப்படை விதி. மருத்துவமனையோ பதிவேட்டில் இருந்த கைப்பேசி எண்ணுக்கு வாட்ஸ்அப்பில் இணைப்பை அனுப்பியது. அந்த எண் என் கணவருடையது. வீட்டிலிருந்தே அலுவலக வேலை பார்த்துக்கொண்டிருந்த அவர், உதவுவதாக எண்ணி, கேள்விகளை ஒவ்வொன்றாக வாசிக்கத் தொடங்கினார். பக்கத்து அறையில் மாமாவும் அத்தையும் இருந்தார்கள். நல்ல மனிதர்கள்தாம், ஆனாலும் அந்தக் கூடத்தில் உட்கார்ந்து பத்தாவது கேள்விக்கு உண்மையான விடை சொல்லும் மருமகள் யார்? நான் கைப்பேசியை வாங்கிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போய்விட்டேன். மொட்டைமாடி இல்லாத வீடுகளைப் பற்றி அந்த மருத்துவமனை நினைத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை.

தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு செல்லும் வழக்கம் அந்த ஆண்டு பலருக்கும் தவறிப்போனது. மாவட்டம் விட்டு மாவட்டம் செல்ல இ-பதிவு, வழியில் தொற்றிவிடுமோ என்ற அச்சம், வளைகாப்பைக் கைப்பேசித் திரையில் பார்த்துக் கண்ணீர்விட்ட அம்மா என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கதை உண்டு. இது வெறும் ஏக்கம் அன்று. தமிழ்நாட்டின் கிராமப்பகுதி ஒன்றில் 359 பெண்களைக் கர்ப்பகாலத்திலிருந்தே பின்தொடர்ந்து 2002இல் வெளிவந்த ஆய்வு, அவர்களில் 11 சதவீதத்தினருக்குப் பேற்றுக்குப் பின் புதிதாக மனச்சோர்வு ஏற்பட்டதைக் கண்டது. குறைந்த வருமானம், ஆண் குழந்தையை எதிர்பார்த்த இடத்தில் பெண் பிறந்தது, மாமியாருடனோ பெற்றோருடனோ உறவுச் சிக்கல், கர்ப்பகாலத்தில் நேர்ந்த துயர நிகழ்வுகள், வேலைகளில் ஒத்தாசைக்கு ஆளில்லாமை ஆகியவை அதனுடன் தொடர்புடையவையாக இருந்தன. முதலாவதையும் கடைசி இரண்டையும் ஊரடங்கு எத்தனையோ வீடுகளுக்கு ஒருசேரக் கொண்டுவந்தது. எடின்பரோ படிவத்தில் இவற்றுள் எதைப் பற்றியும் கேள்வி இல்லை. அது மனநிலையைக் கேட்கிறதே தவிர, வீட்டு நிலையைக் கேட்பதில்லை. அதைக் கேட்டறிய ஓர் ஆள் வேண்டும்.

அந்த ஆள் வரவேயில்லை என்பதுதான் என் முதன்மையான புகார். பொதுவாக மொத்த மதிப்பெண் 10ஐத் தொட்டால் கவனிக்க வேண்டும் என்றும், 13ஐத் தொட்டால் மனச்சோர்வுக்கான வாய்ப்பு அதிகம் என்றும் கொள்கிறார்கள். 58 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2020இல் வெளிவந்த தொகுப்பாய்வு ஒன்று 11ஐப் பொருத்தமான எல்லையாகக் காட்டியது. எந்த எல்லையை எடுத்துக்கொண்டாலும் அதைத் தாண்டிய எனக்கு, அனுப்பிய மறுகணமே தானியங்கிப் பதில் ஒன்று வந்தது: இசை கேளுங்கள், மகிழ்ச்சியாக இருங்கள் என்று. அதன்பின் எவரும் அழைக்கவில்லை. இந்தப் படிவம் இப்படிக் கையாளப்படுவதற்காக உருவானதில்லை. அதே எடின்பரோ குழுவினர் 1989இல் வெளியிட்ட ஆய்வில், மனச்சோர்வு உறுதியான தாய்மார்களின் வீட்டுக்குச் சுகாதாரப் பணியாளர்கள் வாரம் ஒருமுறையாக எட்டு வாரம் சென்று, அவர்கள் பேசுவதைப் பொறுமையாகக் கேட்டார்கள். அவ்வாறு கேட்கப்பட்ட 26 பேரில் 18 பேர் முழுமையாகத் தேறினார்கள். கேட்கப்படாத 24 பேரில் தேறியவர்கள் 9 பேர்தான். நம் ஊரில் அந்த வேலைக்குப் பொருத்தமானவர் கிராம சுகாதார செவிலியர். தொற்றுக் காலத்தில் அவர்களுக்குத் தொற்றுப் பணிகளே தலைக்குமேல் இருந்தன.

மருத்துவமனைகள் இதைச் செவ்வையாகச் செய்ய வழி இருந்தது என்பதே எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. துணைக்கு வருபவரை உள்ளே விடக்கூடாது என்ற விதியால், ஸ்கேன் எடுக்கும் நாளில் காத்திருப்பு அறையில் நாங்கள் தனியாகத்தான் உட்கார்ந்திருந்தோம். வீட்டில் கிடைக்காத தனிமை அங்கே கிடைத்தது. அந்த நேரத்தில் ஒரு தாளும் பேனாவும் கொடுத்து, அன்றே ஒரு செவிலியர் மதிப்பெண்ணைப் பார்த்துப் பேசியிருந்தால் வேறெந்தச் செலவும் இருந்திருக்காது.

ஆகவே, படிவத்தைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். யாரும் பின்தொடராத வாட்ஸ்அப் வடிவத்தைப் பரிந்துரைக்க மாட்டேன். மருத்துவமனை இதை உங்களிடம் கொடுத்தால், மதிப்பெண்ணை யார் பார்ப்பார், எப்போது அழைப்பார் என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். மதிப்பெண் கூடுதலாக வந்தால் அது நோய் உறுதியானதாகப் பொருள்படாது. மருத்துவர் பேசிப் பார்த்துத்தான் முடிவு செய்வார். பத்தாவது கேள்விக்கு மட்டும் இது பொருந்தாது: மொத்த மதிப்பெண் எவ்வளவு குறைவாக இருந்தாலும், அந்த ஒரு விடை பூஜ்யத்துக்கு மேல் இருந்தால் அன்றைக்கே ஒருவரிடம் பேசியாக வேண்டும். எங்கள் காலத்தில் இல்லாத டெலிமானஸ் என்னும் அரசின் தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவை 2022 அக்டோபரில் தொடங்கப்பட்டிருக்கிறது. 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும், தமிழிலேயே, கட்டணமின்றிப் பேசலாம். உங்கள் சொந்தக் கைப்பேசியிலிருந்து அழையுங்கள்.