மீன்தொட்டியைக் கவனிக்கும் ராஸ்பெரி பை: சில கோடைகளும் ஒரு புயலும் கடந்த பிறகு

மீன்தொட்டிக்கான கட்டுப்பாட்டுக் கருவியைச் சொந்தமாகச் செய்ய நினைப்பவர்களில் பலர், அது என்னவெல்லாம் செய்யும் என்ற பட்டியலிலிருந்தே தொடங்குகிறார்கள். நேரத்துக்கு லைட் போடும், தண்ணீரின் சூட்டைக் காட்டும், போனுக்குச் செய்தி அனுப்பும் என்று அந்தப் பட்டியல் நீள்கிறது. திருவொற்றியூரில் உள்ள என் வீட்டுத் தொட்டியை 2021 இறுதியிலிருந்து ராஸ்பெரி பை 3 பி பிளஸ் என்ற கையகலக் கணினிப் போர்டின் பொறுப்பில் விட்டிருப்பவன் என்ற முறையில், முதலில் கேட்க வேண்டிய கேள்வி வேறு என்று நினைக்கிறேன். கரண்ட் போனாலோ, போர்டு உறைந்துபோனாலோ, சென்சார் தவறான எண்ணைத் தந்தாலோ, அந்தக் கணத்தில் தொட்டியின் ஒவ்வொரு மோட்டாரும் எந்த நிலையில் நிற்கும்? இதற்கான விடையைத் தாளில் எழுதிவைத்துக்கொண்டு, அதன் பிறகே ஒயரைத் தொட வேண்டும்.

தொட்டி நான்கு அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். மண், கல், மரத்துண்டு போக ஏறத்தாழ 200 லிட்டர் தண்ணீர் நிற்கும். செடிகள் அடர்ந்த தொட்டி. மீன்கள் கொளத்தூரில் வாங்கிய ஏஞ்சல்களும் ரம்மி நோஸ் டெட்ராக்களும். போர்டு, ரிலே (போர்டின் ஆணைப்படி இயங்கும் மின் சுவிட்ச்), சென்சார் முதலிய அனைத்தும் ரிச்சி தெருவில் கிடைத்தவை. ஃபில்டர் மோட்டார், இரண்டு எல்.இ.டி. லைட்டுகள், செடிகளுக்குக் கார்பன் டை ஆக்சைடு தரும் வால்வு, இரண்டு 12 வோல்ட் ஃபேன்கள், ஆவியாகும் தண்ணீரை ஈடுசெய்யும் சிறு மோட்டார் ஆகியவை இதன் கட்டுப்பாட்டில் உள்ளன. ஹீட்டர் வைக்கவில்லை, நம் ஊர் மார்கழிக் குளிருக்கு இந்த மீன்களுக்கு அது தேவைப்படவும் இல்லை. இதற்கென்றே எழுதப்பட்ட ரீஃப்-பை என்ற திறமூல மென்பொருள் இருக்கிறது. பெயரைப் பார்த்துக் கடல்நீர்த் தொட்டிக்கு மட்டுமே உரியது என்று எண்ண வேண்டாம், நன்னீருக்கும் பொருந்தும். ஆனால், கோளாறு வரும்போது என்ன நடக்க வேண்டும் என்ற விதிகளை நானே வகுக்க விரும்பியதால் பைத்தான் நிரல்மொழியில் சொந்தமாக எழுதிக்கொண்டேன்.

ரிலேயில் பொதுமுனையைத் தவிர இரண்டு முனைகள் உண்டு. ரிலேக்கு உயிர் இல்லாதபோது திறந்திருப்பது ஒன்று, மூடியிருப்பது மற்றொன்று. இணையத்தில் காணும் பெரும்பாலான படங்களில் எல்லாக் கருவிகளையும் முதல் முனையிலேயே இணைத்துவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் போர்டு நின்ற மறுகணம் ஃபில்டரும் நின்றுவிடும். கொளத்தூரில் நான் வழக்கமாக மீன் வாங்கும் கடைக்காரர் இதை ஒரே வரியில் சொன்னார்: "லைட்டு ரெண்டு நாள் எரியலைன்னாலும் ஒண்ணும் ஆகாது சார், ஃபில்டர் மோட்டார் நின்னாதான் மீன் போயிரும்." மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியாக்கள் ஃபில்டருக்குள் இருக்கின்றன, அவற்றுக்கு ஆக்சிஜன் கலந்த நீரோட்டம் இடைவிடாமல் வேண்டும். மேலும் 25 டிகிரித் தண்ணீர் லிட்டருக்கு ஏறத்தாழ 8.3 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்குமென்றால், 30 டிகிரியில் அது 7.6-க்கு இறங்கிவிடும். கத்திரி வெயிலில் மோட்டார் நிற்பதன் விலை அதனால் இன்னும் கூடுகிறது. ஆகவே ஃபில்டரை மூடியிருக்கும் முனையில் இணைத்தேன். போர்டு இறந்தாலும் ஃபில்டர் ஓடும். தீனி போடும் சில நிமிடங்களுக்கு மட்டுமே ரிலே உயிர்பெற்று அதை நிறுத்தும்.

கார்பன் டை ஆக்சைடு வால்வு இதற்கு நேர் எதிர். மின்சாரம் இல்லாவிட்டால் தானே மூடிக்கொள்ளும் வகையைத்தான் வாங்க வேண்டும், ரிலேயிலும் திறந்திருக்கும் முனையில்தான் இணைக்க வேண்டும். ரிலேயின் தொடுமுனைகள் ஒட்டிக்கொண்டு விலகாமல் போவதும் உண்டு என்பதால், அந்த மின் இணைப்பில் சாதாரண பிளக் டைமர் ஒன்றையும் சேர்த்திருக்கிறேன். ரிலேயும் டைமரும் ஒருசேர ஒப்புக்கொண்டால்தான் வாயு திறக்கும். இரவில் செடிகள் கார்பன் டை ஆக்சைடை எடுத்துக்கொள்வதில்லை. விடிய விடிய அது திறந்து கிடந்தால் காலையில் மீன்கள் நீர்மட்டத்தில் வாயைத் திறந்து நிற்கும்.

என் அம்மாவுக்கு இந்த ஏற்பாட்டின் மீது ஆரம்பத்தில் நம்பிக்கை வரவில்லை. "நீ வேலைக்குப் போயிட்டா, இது நின்னுடுச்சுன்னா நான் எதைடா அமுக்கறது?" என்று கேட்டார். கேள்வி நியாயமானது என்பதால் ஒவ்வொரு கருவிக்கும் மூன்று நிலை சுவிட்ச் ஒன்றைப் பெட்டியின் முகப்பில் பொருத்தினேன்: மேலே தள்ளினால் நேரடி மின்சாரம், நடுவில் நிறுத்தம், கீழே தள்ளினால் போர்டின் பொறுப்பு. பக்கத்தில் தமிழில் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது. இவ்வளவு காலத்தில் வீட்டார் அதிகம் பயன்படுத்திய பாகம் இந்தச் சுவிட்ச் வரிசைதான். கைப்பேசித் திரையை என்னைத் தவிர யாரும் திறந்ததில்லை.

தண்ணீரும் மின்சாரமும் ஒரே இடத்தில் சேரும் வேலை என்பதால், 30 மில்லி ஆம்பியர் மின்கசிவிலேயே இணைப்பைத் துண்டிக்கும் ஈ.எல்.சி.பி. சுவிட்சும் முறையான எர்த்தும் இல்லாமல் இதில் இறங்கக் கூடாது. தொட்டியிலிருந்து வரும் ஒவ்வொரு ஒயரும் பிளக்குக்குக் கீழே தொங்கி மறுபடி மேலேறிச் செல்ல வேண்டும். அப்போதுதான் ஒயரில் வழியும் நீர் பிளக்கை எட்டாமல் தரையில் சொட்டும்.

வெப்பத்தை அளக்க டி.எஸ்.18பி20 சென்சாரைப் பயன்படுத்துகிறேன். துருப்பிடிக்காத எஃகுக் குழாய்க்குள் அடைத்து விற்கப்படுவது; தரவு ஒயருக்கும் 3.3 வோல்ட்டுக்கும் இடையே 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று போதும். ஒவ்வொரு சென்சாருக்கும் தனித்த 64 பிட் அடையாள எண் இருப்பதால் ஒரே ஒயரில் பலவற்றை இணைக்கலாம். நான் தொட்டியின் இரு முனைகளிலும் ஒவ்வொன்றும், அறையில் ஒன்றும் வைத்திருக்கிறேன். அசல் சென்சாரின் துல்லியம் அரை டிகிரிக்குள் இருக்கும். சந்தையில் போலிகள் நிறைய உலவுவதால், வாங்கியதும் நொறுக்கிய ஐஸ் நிறைந்த டம்ளரில் முக்கிப் பூஜ்யத்துக்கு அருகில் காட்டுகிறதா என்று பார்த்துவிடுவது நல்லது. மின்சாரம் வந்தவுடன், முதல் அளவீடு முடிவதற்கு முன்பே கேட்டால், இந்தச் சென்சார் 85 டிகிரி என்று சொல்லும். அதை நம்பும் நிரல் தொட்டி கொதிப்பதாக எண்ணிவிடும். என் நிரலில் 85-உம், முந்தைய அளவிலிருந்து திடீரென்று தாவும் எண்களும் 'அளவீடு இல்லை' என்றே கருதப்படும். அளவீடு இல்லையென்றால் ஃபேன் ஓடும். ஃபேன் வீணாக ஓடுவதால் மீனுக்குக் கேடில்லை. தண்ணீரில் நிரந்தரமாகக் கிடக்கும் குழாயின் ரப்பர் முனை வழியாக ஈரம் ஏறி அளவு தடுமாறத் தொடங்குவதையும் கண்டிருக்கிறேன். அதனால் அந்த முனையை நீர்மட்டத்துக்கு மேலே நிறுத்துவதே என் வழக்கம்.

இந்த ஊரில் இக்கருவியின் முதன்மையான வேலை குளிர்விப்பதுதான். தொட்டி இருக்கும் அறை மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ளது. மே மாதப் பிற்பகலில் ஒன்றும் செய்யாமல் விட்டால் தண்ணீர் 32 டிகிரியைத் தாண்டும். ஃபேன்கள் நீரின் மேற்பரப்பில் காற்றை வீசி ஆவியாதலைத் தூண்டுகின்றன. ஒரு லிட்டர் நீர் ஆவியாகும்போது எடுத்துச் செல்லும் வெப்பம், வெளியிலிருந்து சூடு ஏறாதிருந்தால், 200 லிட்டர் நீரை ஏறத்தாழ 3 டிகிரி குளிர்விக்கப் போதுமானது. ஆனால் அறையின் சூடு ஓயாமல் உள்ளே ஏறிக்கொண்டே இருப்பதால், கோடையில் ஒரு நாளைக்குச் சில லிட்டர்கள் ஆவியாகியும் 29 டிகிரியில் நிறுத்துவதே பெரிய காரியமாக இருக்கிறது. கடற்காற்று மனிதருக்கு இதம் தந்தாலும் அது கொண்டுவரும் ஈரப்பதம் ஃபேனின் பலனைக் குறைத்துவிடுகிறது. எவ்வளவு வீசினாலும் காற்றின் ஈரக்குமிழ் வெப்பநிலைக்கு, அதாவது ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் அளவுக்கு, கீழே தண்ணீர் குளிராது. இதே ஃபேன் வேலூரின் வறண்ட வெயிலில் இன்னும் நன்றாக உழைக்கும். சில மாதப் பதிவுகளை வரைபடமாக்கிப் பார்த்தபோது, தொட்டி உச்சச் சூட்டை எட்டுவது நண்பகலில் அல்ல, கான்கிரீட் கூரை தான் குடித்த வெயிலைத் திருப்பித் தரும் முன்னிரவில்தான் என்பது தெரிந்தது. லைட் எரியும் நேரத்தைக் காலைக்கு மாற்றியதும் அந்த உச்சம் சற்றுத் தணிந்தது. கருவி எனக்குச் செய்த பெரிய உபகாரம் இந்த வரைபடம்.

ஆவியாகும் நீரை ஈடுசெய்வதில் இரண்டு செய்திகள் உண்டு. ஆவியாவது நீர் மட்டுமே, உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். வடசென்னைக் கடலோரத்தில் போர் தண்ணீரே உவர்ப்பாக இருக்கும் நிலையில், அதையே மேலும் மேலும் ஊற்றினால் கடினத்தன்மை ஏறிக்கொண்டே போகும். எனவே ஈடுசெய்ய ஆர்.ஓ. தண்ணீர்தான். இரண்டாவது, மிதவை சுவிட்சை ஒருபோதும் முழுமையாக நம்பக் கூடாது. ஒரு முறை விரலின் நகத்தளவுகூட இல்லாத நத்தை ஒன்று மிதவைக்கும் அதன் தண்டுக்கும் நடுவே புகுந்து அதைக் கீழேயே பிடித்துவைத்திருந்தது. தண்ணீர் குறைவாக இருப்பதாகவே போர்டு எண்ணி மோட்டாரை ஓட்டிக்கொண்டிருந்தது. ஆனால் மோட்டார் இருப்பது 10 லிட்டர் வாளியில். முழு வாளியும் காலியானாலும் இந்தத் தொட்டியில் மட்டம் 2 சென்டிமீட்டருக்கும் குறைவாகவே உயரும் என்பதால் தரை நனையவில்லை. மாடித் தொட்டியிலிருந்து நேரடியாகக் குழாய் இழுத்திருந்தால் கீழ்வீட்டாருக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்திருக்கும். குழாயின் வாய் நீர்மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். மூழ்கியிருந்தால் மோட்டார் நின்றதும் தொட்டி நீர் வாளிக்குத் திரும்ப வடியும்.

போர்டின் பெரிய பலவீனம், அது ஒரு கணினி என்பதே. எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் மெமரி கார்டு கெடும். போர்டின் அமைப்புகளை மாற்றும் ராஸ்பி-கான்ஃபிக் நிரலில் உள்ள ஓவர்லே வசதியை இயக்கியபின் கார்டில் எதுவும் எழுதப்படுவதில்லை. பதிவுகள் தனியொரு பென் டிரைவுக்குப் போகின்றன. அதன் பிறகு கார்டு கெடவில்லை. 3 பி பிளஸ் போர்டில் கடிகாரம் கிடையாது, நேரத்தை இணையத்திலிருந்தே பெறுகிறது. கரண்ட் வந்தும் இணையம் வராத நாளில் அது பழைய நேரத்திலேயே விழித்து, நள்ளிரவில் லைட்டைப் போட்டுவிடும். காசு பேட்டரியுடன் கூடிய டி.எஸ்.3231 கடிகாரத் துண்டு இதைத் தீர்க்கிறது. நிரல் உறைந்தால் சில நொடிகளில் போர்டைத் தானே மீட்டெழுப்பும் வாட்ச்டாக் சிப்பிலேயே இருக்கிறது. அதை இயக்கிவைப்பது மட்டுமே நம் வேலை. அடாப்டர் 5.1 வோல்ட், 2.5 ஆம்பியர் தருவதாக இருக்க வேண்டும். பழைய போன் சார்ஜரும் மெல்லிய ஒயரும் சேர்ந்தால் மின்னழுத்தம் 4.63 வோல்ட்டுக்குக் கீழே இறங்கிப் போர்டு எச்சரிக்கத் தொடங்கும். காரணம் புரியாத உறைவுகளில் பலவற்றுக்கு வேர் இதுதான்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது இன்வெர்ட்டர் பேட்டரியும் தீர்ந்துவிட்டது. அத்தகைய நேரத்தில் எந்தப் போர்டாலும் பயனில்லை. சார்ஜ் ஏற்றி வைத்திருந்த ஏர் மோட்டார்தான் மீன்களைக் காப்பாற்றியது. பல மணிநேரம் நின்ற ஃபில்டருக்குள் நீர் அழுகியிருக்கும் என்பதால் அதன் பிளக்கைப் பிடுங்கிவைத்து, கரண்ட் வந்ததும் பஞ்சுகளைத் தொட்டி நீரிலேயே அலசிய பிறகுதான் ஓடவிட்டேன். ஃபில்டர் தானே உயிர்பெறும் என் ஏற்பாடு சிறிய மின்வெட்டுகளுக்கு மட்டுமே சரி என்பதை இதனோடு சேர்த்துப் படிக்கவும்.

கடலுக்கு அருகில் இருப்பதால் ரிலேயின் திருகுமுனைகளில் பச்சைக் களிம்பு பிடிக்கிறது. ரிலேக்களைக் காற்றுப்புகாப் பெட்டிக்கும், சூடாகும் போர்டை ஓட்டைகள் உள்ள தனிப் பெட்டிக்கும் பிரித்தேன். சர்க்யூட்டுகளுக்கென்றே விற்கும் வார்னிஷ் ஸ்பிரேயை இரண்டுக்கும் அடித்திருக்கிறேன். ஆண்டுக்கு ஒரு முறை திருகுகளை இறுக்குவது போதுமானதாக இருக்கிறது.

நீரின் அமிலத்தன்மையைக் காட்டும் பி.ஹெச். அளவியைக் கழற்றிவிட்டேன். இந்தப் போர்டு அனலாக் சமிக்ஞையை நேரடியாகப் படிக்காது என்பதால் அதை எண்ணாக மாற்றித் தரும் ஏ.டி.எஸ்.1115 போன்ற துண்டு வேண்டும். மோட்டார்களின் கசிவு மின்சாரம் அளவைக் குலைக்காதிருக்கத் தனிமைப்படுத்தும் சுற்று வேண்டும். 4-உம் 7-உம் காட்டும் கரைசல்களில் அடிக்கடி சரிபார்க்க வேண்டும். எல்லாம் செய்தாலும் கண்ணாடி முனை ஓரிரு ஆண்டுகளில் தேய்ந்துவிடும். கார்பன் டை ஆக்சைடின் அளவைப் பச்சை நிறத்தால் காட்டும் சிறு கண்ணாடிக் குமிழே எனக்குப் போதும். தானியங்கித் தீனிப்பெட்டியும் போய்விட்டது, நம் ஊர் ஈரத்தில் தீனி கட்டியாகிவிடுகிறது.

கோளாறு வந்தால் செய்தி அனுப்பும் முறையை நான் தலைகீழாக்கியிருக்கிறேன். தினமும் காலையில் டெலிகிராமில் வெப்பநிலையோடு ஒரு வரி வரும். வராத நாளில்தான் கவலைப்பட வேண்டும். இணையம் அறுந்த வீட்டிலிருந்து எந்த அபாயச் செய்தியும் வெளியேறாது.

இரண்டடித் தொட்டியும் சாதாரண லைட்டும் வைத்திருப்பவர்களுக்கு இவ்வளவும் தேவையில்லை. பிளக் டைமர் ஒன்றும், சூடு ஏறினால் ஃபேனைப் போடும் ஆயத்த தெர்மோஸ்டாட் ஒன்றும் குறைந்த செலவில் அதே வேலையைச் செய்யும். பெரிய தொட்டிக்கு இன்று புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்வது, ரிலேக்களை இ.எஸ்.பி.32 போன்ற ஓர் எளிய மைக்ரோகன்ட்ரோலரிடம் (கருவிகளை இயக்குவதற்கான சிறு சிப்) விடுங்கள் என்பதே. அதில் கெடுவதற்கு மெமரி கார்டும் இல்லை, கரண்ட் வந்தால் கண் இமைக்கும் நேரத்தில் வேலைக்கு வந்துவிடும். ராஸ்பெரி பையைப் பதிவும் வரைபடமும் பார்த்துக்கொள்ளும் எழுத்தராக மட்டும் அதன் பக்கத்தில் உட்காரவைக்கலாம்.