14,500 ரூபாய் போச்சு: சின்ன மிக் வெல்டிங் மெஷின் வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

நேற்று சாயங்காலம் கடையிலிருந்து மெஷினைத் திரும்பத் தூக்கிக்கொண்டு வந்தேன். ராத்திரி பொட்டுத் தூக்கமில்லை. எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் காவேரிப்பட்டணம் பக்கம். வீட்டில் ஒரு பழைய ஆம்னி, காலடித் தகடு துருப்பிடித்து ரோடு தெரிகிறது. மாட்டுக் கொட்டகை கேட், பைக் கேரியர் என்று சில்லறை வேலைகளும் உண்டு. ராடு வெல்டிங் எனக்குத் தெரியும். ஆனால் கார் தகடு ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது, ராடு வைத்தால் ஓட்டைதான் விழும். அதனால், வயரைத் தானே தள்ளிக்கொடுத்து மெல்லிய தகட்டையும் ஒட்டும் மிக் மெஷின் ஒன்று சின்னதாக வாங்க, மாங்காய் விற்ற காசில் 14,500 ரூபாய் எடுத்து வைத்திருந்தேன்.

கிருஷ்ணகிரியில் ஒரு டூல்ஸ் கடை. பெயர் சொல்லவில்லை. கடைக்காரர் நாற்காலி போட்டு, டீ வரவழைத்து, "தம்பி, வாய்ல சொன்னா நம்ப மாட்டீங்க, பாருங்க" என்று வாசலிலேயே இரண்டு துண்டுத் தகட்டை ஒட்டிக் காட்டினார். மீன் செதில் அடுக்கினாற்போல வரிவரியாக விழுந்தது. சுத்தியால் அடித்தேன், விடவில்லை. அங்கேதான் விழுந்தேன். பின்னால் கேஸ் சிலிண்டர் நின்றது. கேட்கவும் செய்தேன். "அது வேற வேலைக்கு. இது டெமோ பீஸ், உங்களுக்கு சீல் பிரிக்காத புதுசு தர்றேன்" என்று வேறொரு பெட்டியை எடுத்து வைத்தார். 250 ஆம்ப், கேஸ் வேண்டாம், வீட்டு 15 ஆம்ப் பிளக்கே போதுமாம். ஜிபேயில் 14,500 அனுப்பினேன். பில் கேட்டால் துண்டுச் சீட்டில் எஸ்டிமேட். "பில் போட்டா ஜிஎஸ்டி சேரும், நமக்குள்ள எதுக்கு?" நமக்குள்ளயாம்!

வீட்டில் பிரித்தால் வயர் தள்ளும் ரோலர் பிளாஸ்டிக். வயர், கையில் பிடிக்கும் டார்ச்சுக்குப் போகாமல் உள்ளேயே சுருண்டு சிக்கியது. எடுத்துவிட்டு அடித்தால் படபடவென்று தெறிக்கிறது, அவ்வளவுதான். விழுந்த இடமெல்லாம் பஞ்சு மாதிரி ஓட்டை. தட்டினேன், பெயர்ந்து வந்தது. பட்டறை வைத்திருக்கும் மாமா வந்து வயரைப் பார்த்ததும் சிரித்தார். உருகும் இடத்தில் காற்று படாமல் காப்பது கேஸ்; அது இல்லாமல் அடிக்க, உள்ளே ஃபிளக்ஸ் மருந்து அடைத்த வயர் வேண்டும். இது செம்பு பூசிய வெறும் கம்பி. அப்புறம் 250 ஸ்டிக்கரின் ஓரத்தை நகத்தால் சுரண்டினார். அடியில் இன்னொரு ஸ்டிக்கர்: 140.

பிளக் கணக்கையாவது நான் போட்டிருக்கணும். 230 வோல்ட், 15 ஆம்ப் என்றால் 3,450 வாட். 250 ஆம்பில் மிக் ஓட சுமார் 26 வோல்ட் வேண்டும், அதுவே 6,500 வாட். எங்கிருந்து வரும்?

மறுநாள் போனேன். "உங்க ஊர்ல வோல்டேஜ் கம்மி." அதற்கடுத்த நாள், "வயர் மாத்திப் பாருங்க." அப்புறம், "சர்வீஸ் ஆள் சேலத்துல இருந்து வரணும்." நேற்று மெஷினோடு போய் நின்றேன். டீ கொடுத்த அதே மனுஷன் போனிலிருந்து தலையை நிமிர்த்தாமல், "சீல் பிரிச்சாச்சு, எடுக்க முடியாது" என்றார். பிரிக்காமல் எப்படி வெல்டிங் அடிப்பதாம்?

எப்படிப் பார்த்து வாங்குவது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது முடியவில்லை. இது மட்டும்: உங்களுக்குத் தரும் மெஷினையே, அதோடு வரும் வயரைப் போட்டே ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். ஃபிளக்ஸ் வயருக்கு டார்ச் மைனஸில், கேஸ் வயருக்கு பிளஸில். இரண்டும் வேண்டுமென்றால் மாற்றும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். டியூட்டி சைக்கிள், அதாவது பத்து நிமிஷத்தில் எத்தனை நிமிஷம் நிறுத்தாமல் அடிக்கலாம் என்ற கணக்கு, எழுதாத மெஷினைத் தொடாதீர்கள். ஜிஎஸ்டி பில் கைக்கு வராமல் பணம் அனுப்பாதீர்கள்.

இன்று காலை நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் போட்டேன். பில் இருக்கிறதா என்று கேட்டார்கள். என்னிடம் இருப்பது அந்தத் துண்டுச் சீட்டும், 14,500 போன ஜிபே ஸ்கிரீன்ஷாட்டும்தான்.