எடின்பரோ சூனியக்காரிகள் நடைச்சுற்று: பேய்க்கதை சுமார், அரண்மனைக் கதை அபாரம்

ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில், ராயல் மைல் தெருவில் பொழுது சாய்ந்தால் போதும், கறுப்பு அங்கியை மாட்டிக்கொண்டு ஆள் சேர்க்கும் வழிகாட்டிகளைத் தாண்டி நடக்க முடியாது. அதில் ஒரு நிறுவனத்தின் சூனியக்காரிகள் நடைச்சுற்றுக்குப் போனேன். கொஞ்சம் திட்டப்போகிறேன் என்பதால் பெயர் வேண்டாம்.

முதல் பாதி வீண். கோட்டை வாசல் பக்கம் 1894இல் வைத்த 'சூனியக்காரிகள் கிணறு' இருக்கிறது. சுவரோடு ஒட்டிய சின்ன நீரூற்று, யாராவது காட்டாவிட்டால் கண்ணிலேயே படாது. சூனியக்காரிகள் என்று எரித்துக் கொல்லப்பட்டவர்களின் நினைவாக வைத்தது. அங்கே நின்று பேச எவ்வளவோ இருக்க, இரண்டு வரி சொல்லிவிட்டு இருட்டுச் சந்துக்குள் கூட்டிக்கொண்டு போய், பின்னாலிருந்து ஒருவர் திடீரென்று கத்துகிறார். சின்னப் பிள்ளைகள்கூடச் சிரித்தார்கள்.

அப்புறம் பழைய டோல்பூத் சிறை இருந்த இடத்துக்கு வந்ததும் வழிகாட்டிப் பெண் குரலை இறக்கி, பாத்வெல் பிரபு பிரான்சிஸ் ஸ்டூவர்ட்டின் கதையை எடுத்தார். டிக்கெட் காசு அங்கே செரித்துவிட்டது. பாத்வெல் சாதாரண ஆள் இல்லை. ஆறாம் ஜேம்ஸ் ராஜாவின் தாய்மாமன் மகன், ஸ்காட்லாந்தின் கடற்படைத் தலைவர். 1589இல் ராஜா தன் மனைவியான டென்மார்க் இளவரசி ஆன் என்பவரை அழைத்துவரக் கடல் தாண்டிப் போனபோது, நாட்டைப் பார்த்துக்கொள்ள விட்டுப்போனவர்களில் இவரும் ஒருவர். ஆன் வந்த கப்பல்களைப் புயல் அலைக்கழித்ததற்கு டென்மார்க்கில் முதலில் சூனியக்காரிகள் மேல் பழி போட்டார்கள், அந்தப் பேச்சு இங்கேயும் தொற்றிக்கொண்டது. எடின்பரோவுக்குக் கிழக்கே கடலோரத்தில் உள்ள நார்த் பெரிக் பகுதியில் ஆட்களைப் பிடித்து வதைக்க ஆரம்பித்தார்கள்.

ஆக்னஸ் சாம்ப்சன் என்ற வைத்தியச்சியின் தலையில் கயிற்றைக் கட்டி முறுக்கி, தூங்கவிடாமல் வைத்து வாக்குமூலம் வாங்கியதை வழிகாட்டி சொன்ன விதம் நன்றாக இருந்தது, நாடகத்தனமே இல்லை. ராஜாவைப் போல ஒரு மெழுகுப் பொம்மை சூனியக்காரிகளிடையே கைமாறிக் கைமாறிப் போனது, இவனை அழிக்கச் சொன்னது பாத்வெல் பிரபு என்று சொல்லிக்கொண்டார்கள் என்பதுதான் அந்த வாக்குமூலத்தின் முக்கியமான வரி. வைத்தியச்சி சாகட்டும், பிரபுவின் பெயர் வந்துவிட்டதல்லவா! 1591 ஏப்ரலில் அவரை எடின்பரோ கோட்டையில் அடைத்தார்கள், ஜூனில் தப்பிவிட்டார்.

ஒரு பெரிய குறை இங்கேதான். ராஜாவின் தலைமை அமைச்சரான சான்சலர் ஜான் மெய்ட்லண்டின் பெயரை வழிகாட்டி உச்சரிக்கவே இல்லை. ராஜாவின் காதருகே இருந்த மெய்ட்லண்டுக்கும் பாத்வெல்லுக்கும் ஆகவே ஆகாது. தன் மேல் சாட்சி சொன்ன மந்திரவாதி ரிச்சி கிரஹாமை எதிரிகள் ஆசைகாட்டிப் பேச வைத்தார்கள் என்று பாத்வெல் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். சதி இருந்ததா, இவரும் லேசுப்பட்டவரா என்பது வேறு விஷயம் (ஆள் முரடன், அடிதடிக்கு அஞ்சாதவர்), ஆனால் மெய்ட்லண்டை விட்டுவிட்டால் இது வெறும் பொம்மைக் கதை. எதிராளியே இல்லாமல் சதுரங்கம் ஆடிக்காட்டுவது போல.

இன்னொரு குறை, சுற்று செயின்ட் ஜைல்ஸ் தேவாலயத்தோடு முடிந்துவிடுகிறது. 1591 டிசம்பரில் பாத்வெல் ஆட்களோடு புகுந்து கதவுகளை உடைக்கப் பார்த்ததும், 1593 ஜூலையில் ராஜாவின் படுக்கையறைக்கே போய் மண்டியிட்டதும் தெருவின் கீழ்க்கோடியில் இருக்கும் ஹோலிரூட் அரண்மனையில். அடுத்த மாதமே சூனிய வழக்கில் குற்றமற்றவர் என்று தீர்ப்பு வந்தது. வந்து என்ன பயன்? ராஜாவின் சந்தேகம் போகவில்லை, கலகம் தொடர்ந்தது, 1595இல் நாட்டைவிட்டே போய் 1612இல் நேப்பிள்ஸில் செத்தார். இவ்வளவையும் மூச்சுவிடாமல் ஒப்பித்துவிட்டு, கடைசியில் நினைவுப்பொருள் விற்கிறார்கள்.

என்னைக் கேட்டால், சுற்று முடிந்ததும் நீங்களே இறக்கத்தில் நடந்து ஹோலிரூட் வாசல்வரை போய்விடுங்கள். ஒரு நாள் கூடுதலாக இருந்தால் நகருக்குத் தென்கிழக்கே உள்ள கிரைக்டன் கோட்டையையும் பாருங்கள். முற்றத்துச் சுவர் முழுக்க வைரத்தைப் பட்டை தீட்டியது போலக் கூராகச் செதுக்கிய கற்கள், இத்தாலியப் பாணியில் பாத்வெல் கட்டியது. சாய்ந்த வெயிலில் ஒவ்வொரு கல்லும் ஒரு பக்கம் வெளுத்து ஒரு பக்கம் கறுத்து நிற்கும். பேய் வேஷம் போட்டவர்கள் சொன்னதைவிட, அந்த மனிதருக்கு எவ்வளவு பணமும் திமிரும் இருந்தது என்பதை அந்தச் சுவர் சொல்லிவிடுகிறது. குளிர்காலத்தில் பூட்டிவிடுவார்கள், கிளம்பும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

ஐந்துக்கு மூன்று கொடுக்கிறேன், அந்த மூன்றும் வழிகாட்டிப் பெண்ணுக்குத்தான். வதை விவரங்கள் வருவதால் பத்து வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகள் வேண்டாம். கல் பாவிய தெரு மழையில் வழுக்கும், செருப்பில் போகாதீர்கள்.